கீழ்த்தளத் தளபதியும் மூன்று இறுதிகளும்

அறிவை என் தங்கையிடமிருந்தும் அழகைத் தாய்மாமனாகிய என்னிடமிருந்தும் பெற்ற அருமை மருமகளுக்கு,

மாமன் எழுதுவது. இங்கு நானும், உன் அத்தையும், என் மூட்டுவலியும் நலமே. நீயும் அவ்வாறே இருப்பாய் என்று நம்பி மேலே செல்கிறேன். இனி நான் சொல்லப்போவதை இந்தப் பூமியில் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று மனப்பூர்வமாக உறுதியளிக்கிறேன். மீறி யாராவது நம்பினால் அதற்கு நான் பொறுப்பல்ல.

போர் எதற்காக மூண்டது என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன், நாளைக்கு வரலாற்றாசிரியர்கள் முடியைப் பிய்த்துக்கொள்ளக் கூடாது பார். எட்டு வருஷம் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதினாய். விண்வெளிப் போர்க்கப்பல், நிழற்கோளில் பிறந்த கறுத்த மக்கள் கீழ்த்தளத்தில் எஞ்சினோடு வேகிறார்கள், மேல்தளத்தில் வெளுத்தவர்கள், கறுத்தவர் யாரும் கட்டளையிடக் கூடாது என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். கீழ்த்தளத்துப் பீரங்கிக்காரி ஒருத்தி அந்தக் கப்பலையே சட்டசபை வாசலுக்கு ஓட்டிவந்து, ஒரு குண்டும் சுடாமல், சட்டத்தை மாற்றவைத்துத் தளபதி ஆகிறாள். அப்பேர்ப்பட்டவளின் முகத்தைத்தான் உன் பதிப்பாளர் அட்டையில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுக்கச் சொல்லிவிட்டார். “கொஞ்சம் வெளுப்பா இருந்தாத்தாம்மா கடையில எடுப்பா இருக்கும்” என்றாராம். நீ போனில், “மாமா, அவளைத் திரும்பவும் கீழ்த்தளத்துக்கே அனுப்பிட்டாங்க” என்று விசும்பினாய். அந்த நிமிஷமே நான் போர்ப் பிரகடனம் செய்துவிட்டேன். உன் அத்தை, “முதல்ல சட்டையை மாத்துங்க” என்றாள். மாற்றிக்கொண்டுதான் கிளம்பினேன்.

முப்பது வருஷம் நான் பிழைதிருத்தி ஓய்வுபெற்ற அதே அச்சகம்தான். மேலே பதிப்பாளரின் குளிரூட்டிய அறை, கீழே மெஷின். நேற்று நண்பகலில் நாற்பதாயிரம் பேரோடு முற்றுகையிட்டேன். (ஒருத்தர்தான் போனார் என்று உன் அத்தை சொல்லுவாள், அவளுக்குக் கணக்கு வராது.) வாசலில் காவலாளி. மீசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போக பஸ் பிடிக்க வேண்டும். “யாரு நீங்க?” என்று கர்ஜித்தார். “விண்வெளிப் படையின் தாய்மாமன்!” என்றேன். “இதுல கையெழுத்து போட்டுட்டுப் போங்க” என்றார். முதல் கோட்டை இவ்வாறு வீழ்ந்தது.

அந்த அச்சகத்தில் எதையும் தூக்கிப்போடும் வழக்கம் கிடையாது. ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் அச்சடிக்கப் புது பிளேட் செய்து, உறையில் போட்டு, பதிப்பாளர் தன் கைப்பட எழுதி வைப்பார். உன் அட்டைக்கு மூன்று உறைகள்: ‘இறுதி’, ‘மெய்யான இறுதி’, ‘இதுவே இறுதி’. முதல் உறையில் உன் கறுத்த தளபதி, கடைசியில் வெளுத்தவள். நான் முதல் உறையைப் பாய்ந்து பிடித்தேன். பதிப்பாளர் இரும்பு ஸ்கேலை உருவினார். நானும் உருவினேன். காகித மலைகள் சரிந்தன, பதினேழு மேலாளர்கள் மயங்கி விழுந்தார்கள், அதில் மூன்று பேர் அன்று லீவு. இடது கையால் அவரைத் தடுத்துக்கொண்டே வலது கையால் பிளேட்டை மாட்டி மெஷினை முடுக்கினேன். முதல் தாளிலிருந்தே உன் தளபதி எனக்கு ஒரு சல்யூட் வைத்தாள். பதிப்பாளர் மண்டியிட்டு, “ஐயா, கறுப்பே கம்பீரம்!” என்று கதறினார். ஐயாயிரம் அட்டையும் அப்படியே அச்சேறின. வெற்றி! வெற்றி!

நீ தீர்க்காயுசாக இருந்து நூறு நாவல் எழுத வேண்டும், நூற்றுக்கும் நான் போருக்குப் போக வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் மாமன், தளபதிக்கே தளபதி.

பி.கு.: உன் அத்தை இதைப் படித்துவிட்டு, “அந்தப் பொண்ணு நாவலே எழுதியிருக்கா, உங்களுக்கு ஒரு பொய்கூட ஒழுங்கா வரலையே” என்கிறாள். ஆகவே சொல்லிவிடுகிறேன். படையும் இல்லை, ஸ்கேலும் இல்லை. பதிப்பாளரைப் பார்த்ததும் வந்த காரியமே மறந்து, அவருடைய முதுகுவலியை விசாரித்துவிட்டுக் கீழே வந்து காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். மெஷின்காரர்தான், பிழைதிருத்திய காலத்துப் பட்டப்பெயரால், “என்ன கமா சார், மூஞ்சி தொங்கிப்போச்சு?” என்றார். சொன்னேன்.

“உங்க மருமக கதையா அது? உள்பக்கத்து ஃபாரமெல்லாம் ஓட்டுறப்பவே முழுசா படிச்சுட்டேன் சார். அவ எப்படி வெளுப்பா இருப்பா? என் மக நிறம்ல அவளுக்கு?”

முதல் உறையை எடுத்து ஒரே ஒரு தாள் ஓட்டினார். ஈரம் காயாத அட்டையையும் அந்த உறையையும் ஏந்திக்கொண்டு, இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் அவரைக் கூப்பிடாத அந்த மாடிக்குப் படியேறினார். நான் நாலு படி பின்னால்.

“இதைத்தான் சார் அடிக்கப்போறேன். வேற வேணும்னா நீங்களே கீழ வந்து ஓட்டிக்குங்க.”

பதிப்பாளர் அட்டையைப் பார்த்தார். உறையைப் பார்த்தார். “இறுதின்னு நான்தானே எழுதியிருக்கேன்... அடிங்க” என்றார்.

அந்த முதல் அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். மேலே உள்ள கடிதத்தில் அந்தக் கறுப்பு ஒன்றுதான் உண்மை. ஓரத்தில் இருக்கும் கட்டைவிரல் ரேகை மெஷின்காரருடையது. துடைத்துவிடாதே.