ஷாலி நிலத்தில் ஒரு ஹோட்டல்

இனிமேல் எதையும் சங்கரியைக் கேட்டுச் செய்வதில்லை என்று போன வைகாசியில் ஒரு முடிவெடுத்தேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் நான் தனியாக எடுத்த முதல் முடிவு. அதையும் அவள் குளிக்கப் போயிருந்தபோதுதான் எடுத்தேன்.

காரணம் இருந்தது. வங்காளத்தில், பெஹாலாவில் நாங்கள் முறுக்கும் சிப்ஸும் தோசை மாவும் விற்கிற கடை வாடகைக் கட்டடம். அதை இடிக்கப் போகிறார்கள். துர்கா பூஜை முடிந்ததும் காலி செய்யச் சொல்லிவிட்டார் கட்டடக்காரர். போக்கிடம் ஒன்றே ஒன்று. துறைமுகத்தில் வேலை பார்த்த என் மாமனார், ஆம்தலா போகிற ரோட்டோரம் மகள் பேரில் வாங்கிப் போட்ட ஒரு பிகா நிலம். நம்ம கணக்கில் முப்பத்துமூன்று சென்ட்.

"அங்க ஒரு ஹோட்டல் கட்டுவோம்," என்று சங்கரியிடம் சொல்லிப் பார்த்தேன். "என் பேருலயே, பெத்துராஜ் கார்டன் ரெஸ்டாரெண்ட். நான் கல்லாவுல உக்காந்தேன்னா..."

"நீங்க உக்காரதுக்கா ஹோட்டல்? நெல்லு விளையுத இடம் அது."

"அப்ப கடைக்கு எங்க போறது?"

"யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

அவள் யோசிக்கிறாள் என்றால் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம்.

அதனால்தான் அந்த முடிவு. மறுநாள் நில அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் மனு எழுதிக் கொடுக்கிற ஹாராதன் பாபு, என் பேப்பர்களைப் புரட்டிவிட்டு, "தாதா, இது ஷாலி," என்றார்.

வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன், ஷாலி என்றால் மச்சினிச்சி.

"எனக்கு மச்சினிச்சியே கிடையாது தாதா. நிலம் பெண்டாட்டி பேர்ல இருக்கு."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். நெல் நிலத்துக்கும் அங்கே ஷாலி என்றுதான் பேராம். பதிவேட்டில் அப்படி இருக்கிறவரை அதில் கடையோ ஹோட்டலோ கட்ட முடியாது. வியாபார நிலமாக மாற்ற மனுப் போட வேண்டும்.

"நிலத்துக்காரம்மா கையெழுத்தை வாங்கிட்டு வாங்க. மத்தது என் பொறுப்பு," என்றார்.

மனு முழுக்க வங்காள எழுத்து. எனக்கு வங்காளம் பேச வரும், படிக்க வராது. சங்கரி மீன் கடையில் "கோத்தோ?" என்று விலை கேட்பாள். அதற்கு மேல் அவள் பேசி நான் கேட்டதில்லை. அந்தத் தைரியத்தில்தான் அவள் மாவாட்டிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்துப் பேப்பரை நீட்டினேன்.

"என்னது?"

"நிலத்தீர்வை. ஒரு கையெழுத்துப் போடு."

கையைக் கழுவினாள். துடைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். என் நெஞ்சு கிரைண்டரை விடச் சத்தமாக ஓடியது. பிறகு எழுதினாள். எழுதிக்கொண்டே இருந்தாள்.

"ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு நேரமா?"

"அரசாங்கப் பேப்பருல்ல. திருத்தமா எழுத வேண்டாமா?"

அவள் மனசு மாறுவதற்குள் பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். தமிழ் எழுத்து ஜிலேபி மாதிரி அழகாக இருக்கிறது என்றார் ஹாராதன் பாபு.

பூஜைக்கு ஐந்து வாரம் இருக்கும்போது என் போனுக்குத் தகவல் வந்தது. விசாரணை. நில உரிமையாளர் நேரில் வர வேண்டும். சங்கரியிடம் போய் நின்றேன்.

"தீர்வை ரசீதுல உன் பேரைத் தப்பா எழுதிட்டாங்களாம். வந்து சும்மா உக்காரு. நான் பேசிக்கிடுதேன்."

"சரிங்க," என்றாள் சங்கரி.

மறுபேச்சு இல்லாமல் அவள் சரி என்றதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

விசாரணை அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. மனுவை எடுத்து, "ஹோட்டல் கட்டுவதற்கு," என்று வாய்விட்டுப் படித்தார். நான் சங்கரியைப் பார்க்கவில்லை. அதிகாரி கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

"இந்தக் கையெழுத்து மூன்று வரி இருக்கிறதே. என்ன இது?"

பேப்பரை என் பக்கம் திருப்பினார். அப்போதுதான் படித்தேன்.

'இது தீர்வைப் பேப்பர் இல்லை என்று எனக்குத் தெரியும். ஹோட்டல் கட்ட எனக்குச் சம்மதம் இல்லை. இப்படிக்கு சங்கரி.'

அந்த அறையில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒன்று நான். இன்னொருத்தி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது... இவ பேருங்க மேடம்."

"மூன்று வரியா?"

"ஊர் பேர், அப்பா பேர், தாத்தா பேர், குலதெய்வம் பேர். எல்லாம் சேர்த்து எழுதறது எங்க வழக்கம்."

அதிகாரி தலையாட்டினார். பேனாவைத் திறந்தார். அந்த ஒரு நிமிஷம் நான் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன்.

"அப்படித்தானே தீதி?" என்று ஒப்புக்குச் சங்கரியைக் கேட்டார்.

சங்கரி வாயைத் திறந்தாள். வானொலிச் செய்தி மாதிரி வங்காளம் வந்தது. மூன்று வரியையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். மகள் சரிதாவுக்குப் பத்து வருஷம் பள்ளிக்கூட வங்காளப் பாடம் சொல்லிக்கொடுத்தது யார் என்று அப்போதுதான் யோசித்தேன்.

அதிகாரி பேனாவை மூடினார். "பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கினால் என்ன ஆகும் தெரியுமா?"

"கடையைக் காலி பண்ணணும் மேடம். வேற தொழில் எனக்குத் தெரியாது. இவகிட்டக் கேட்டா வேண்டாம்னுட்டா. பயந்துட்டேன்."

அதுதான் அன்றைக்கு நான் சொன்ன முதல் உண்மை. சங்கரி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தாள்.

"அவரை விட்டுடுங்க மேடம். அந்த மனுவைத் தள்ளிட்டு இதைப் பாருங்க."

அதிகாரி புரட்டினார். வரைபடம், அளவு, எல்லாம் இருந்தது. முகம் மலர்ந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கள் வெளியே இருங்கள். நான் நிலத்துக்காரரிடம் பேச வேண்டும்."

வெளியே ஹாராதன் பாபு மண்குவளையில் டீ வாங்கிக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அரை மணி கழித்துச் சங்கரி வந்தாள்.

"என்ன ஆச்சு?"

"ரோட்டோரப் பாதியை மட்டும் மாத்தக் கேட்டிருக்கேன். மாவு மில்லு, கூடவே பலகாரக் கடை. பின்பாதி நெல்லாவே இருக்கட்டும். எல்லாம் சரியா இருக்கு, இடத்தை வந்து பாத்துட்டு அனுமதி தாரோம்னு சொல்லிட்டாங்க. கட்டடக்காரர்கிட்டயும் தை வரைக்கும் தவணை வாங்கிட்டேன்."

"அப்ப நான்?"

சங்கரி குடையை விரித்தாள்.

"தை மாசம் வேலைக்கு ஆள் எடுப்பேன். ஒரு மனுப் போட்டு வைங்க. பாக்கலாம்."