ஊசி எனக்குத் தெரியாதா?

தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள எனக்கு நாற்பது வயது வரை ஆயிற்று. அதற்கு என் மாமியார் வயிறு நனைந்து கிடக்க வேண்டியிருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர் நான். எண்பது மெஷின், எண்பது ஊசி. யாருக்காவது புது ஊசி வேண்டுமென்றால் பழையதை, உடைந்திருந்தால் துண்டுகளைப் பொறுக்கி, என் மேஜையில் ஒப்படைக்க வேண்டும். (அந்த மேஜையில் நான் உட்காரும் தோரணையை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.)

மாமியார் ரிட்டயர்டு கணக்கு டீச்சர். கண்புரை ஆபரேஷனுக்காக எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். சர்க்கரை இறங்கினால்தான் ஆபரேஷன் என்று வேலூர் டாக்டர் சொல்லிவிட்டார். பைபிளைத் தானே வாசித்து ஒரு வருடமாகிறதே என்று அத்தைக்கு ஏக்கம். இன்சுலின் பேனா ஒன்று கொடுத்தார்கள். நர்ஸ் விளக்க ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"சிஸ்டர், பதினஞ்சு வருஷமா ஊசியிலயேதான் கெடக்குறேன். குடுங்க, நான் பாத்துக்கறேன்."

என் முறை எளிமையானது. குத்து, பொத்தானை அமுக்கு, உருவு. மெஷின் வேகம். ஊசியை மாற்றவும் இல்லை. தேயாத, உடையாத ஊசியை மாற்றுவது எங்கள் கம்பெனியில் குற்றம். பேனாவிலேயே மாட்டி வைத்துவிடுவேன்.

"மாப்ளே, வயித்துல ஈரமா இருக்குதே," என்றார் அத்தை மூன்றாம் நாள்.

"வேர்வை அத்தை. வெயில் ஜாஸ்தி இல்ல?"

இரண்டு வாரத்தில் சர்க்கரை இன்னும் ஏறியிருந்தது. ஆபரேஷன் தள்ளிப்போனது. அத்தை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஊசி போடுவது நான், அதில் தப்பு இருக்க முடியாது. அப்படியென்றால் அத்தை திருட்டுத்தனமாக எதையோ சாப்பிடுகிறார். பிஸ்கெட் டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டினேன். பக்கத்து வீட்டு பாத்திமா அக்காவிடம் போய், "ரம்ஜானுக்கு எங்க அத்தைக்கு பாயாசம் எதுனா குடுத்தீங்களா?" என்று விசாரித்தேன்.

"குடுத்தேன் தம்பி. டீச்சரம்மா மோந்து பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டாங்க."

அதையும் நான் நம்பவில்லை. அடுத்த முறை வேலூர் போனபோது அத்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "இவங்க வாயக் கட்ட மாட்டேங்கறாங்க சிஸ்டர்," என்று புகார் செய்தேன். மதிய ஊசிக்கு நேரமாகியிருந்தது. நர்ஸ் என்னையே போடச் சொன்னார். என் வேகத்தைப் பார்த்து அசந்துபோவார் என்று நினைத்தேன்.

ஊசி நுனியில் ஒரு சொட்டு. அத்தை வயிற்றில் இன்னொரு சொட்டு.

"இது இன்னா சார்?"

வேர்வை என்று முனகினேன்.

"அம்புட்டும் மருந்து சார். அமுக்கின வெரல எடுக்காம பத்து எண்ணணும், அப்புறம்தான் உருவணும். ஒவ்வொரு தடவையும் புது ஊசி போடணும், போட்டதும் கழட்டிடணும். மாட்டியே வெச்சா காத்து பூந்துக்கும், மருந்தும் ஒழுகிடும். அன்னைக்கே சொல்ல வந்தேன், நீங்க விடல."

ஆம்பூர் பஸ்ஸில் அத்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவமானத்தில் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அத்தை ஜன்னல் பக்கம் திரும்பியபடியே சொன்னார்: "எண்ணத் தெரியாத பசங்கள முப்பது வருஷம் பாத்தாச்சு. நாளைலேர்ந்து நானே எண்ணுறேன், விடுங்க."

மறுநாள் முதல் அத்தை எண்ணினார், ஒன்றாம் வகுப்புக்கு எண்ணுவது போல நிதானமாக. வயிறு காய்ந்தது, சர்க்கரை இறங்கியது, ஆபரேஷனும் முடிந்தது. கட்டுப் பிரித்த அன்று முதலில் பைபிளைத் திறந்து சங்கீதம் ஒன்றை வாசித்தார். பிறகு நான் ஊசி போடும்போது குனிந்து தன் கண்ணாலேயே பார்த்து, "ஒம்போதுதான் ஆச்சு மாப்ளே," என்றார்.

இப்போதும் வீட்டில் நான், "இது எனக்குத் தெரியாதா?" என்று ஆரம்பித்தால் போதும். மனைவி, மகள், மருமகன் எல்லோரும் சேர்ந்து ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கிவிடுவார்கள். பத்து வரும் வரை நான் வாய் திறக்கக் கூடாது. பெரும்பாலும் ஏழு வருவதற்குள், எனக்குத் தெரியாது என்பது தெரிந்துவிடுகிறது.