இரண்டாவது வரிசையில் ஒரு நர்ஸ்

ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்திருக்க வேண்டிய நர்ஸ் ஒருவரை வரவிடாமல் தடுத்தவள் நான். லஞ்சம் வாங்கவில்லை. யார் மீதும் பகையில்லை. ஒரு கட்டத்துக்குள் ஒரு டிக் போட்டேன், அவ்வளவுதான். பெரிய அநியாயம் செய்யப் பெரிய கெட்ட எண்ணம் வேண்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன். தேவையே இல்லை. நல்ல பெண், நல்ல கையெழுத்து, சார்ஜ் ஏறிய ஒரு டேப்லெட் இருந்தால் போதும்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கோயம்புத்தூரில் மருத்துவக் கருவிப் பொறியியல் படித்து முடித்து, ஒரு மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பதவியின் பெயர் தரக் கண்காணிப்பு உதவியாளர். போத்தனூரில் எங்கள் வீட்டில் அன்று பாயசம். நானோ மேட்டுப்பாளையம் வரை ரயிலில் போய்வருவதற்கே மூன்று பட்டியல் போடுகிறவள். (பட்டியல்களை எங்கே வைத்தேன் என்பதற்கு நான்காவது ஒன்று.) அப்படிப்பட்டவள் கையில் அரசாங்கமே நூற்றிருபது கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலைக் கொடுத்து, ஊர் ஊராகப் போய் டிக் போடு என்றால் எப்படி இருக்கும்? கட்டெறும்பைச் சர்க்கரை மூட்டையில் இறக்கிவிட்ட மாதிரி இருந்தது.

என் முதல் ஆய்வுக்கான கடிதத்தை நானே தட்டச்சு செய்தேன். 'திடீர் ஆய்வு, வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்கு நடைபெறும்.' பத்து நாள் முன்பாகவே தபாலில் போனது. அந்த வாக்கியத்தில் ஏதோ இடிக்கிறது என்று எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. காற்புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் இரண்டு முறை பார்த்தேன்.

புதன்கிழமை ஜீப் பல்லடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர் பாஷா அண்ணன். கோயம்புத்தூர்க்காரர், அலுவலகத்தில் இருபது வருஷமாக ஓட்டுநர். நாங்கள் போகிற நிலையத்தில் மேரி என்று ஒரு சிஸ்டர் இருப்பதாகவும், இரண்டு நர்ஸ் இடத்தில் ஒன்று காலியாகி இரண்டு வருஷமாக அவர் ஒருவரே சமாளிப்பதாகவும் சொன்னார்.

"போன வாரம் இன்னொரு டீமைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேனுங்க. அங்கயும் மேரி சிஸ்டர் நின்னுட்டு இருந்துச்சுங்க. ஒரே ஆளு ரெண்டு எடத்துல எப்படீங்க மேடம்?"

"அண்ணா, நாம கேள்விப்பட்டதை எழுதக் கூடாது. கண்ணால பாக்குறதைத்தான் எழுதணும்" என்றேன். (எவ்வளவு திமிர் பாருங்கள். எல்லாவற்றையும் கண்ணால் பார்த்த மனிதரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன்.)

"செரிங்க" என்று கியரை மாற்றிவிட்டார்.

நிலையம் பளபளவென்று இருந்தது. வாசலில் கோலம். பினாயில் வாசனை. மேரி சிஸ்டருக்கு ஐம்பது வயதுக்குப் பக்கம் இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம், அதற்கு மேலே சிரிப்பு. அவர் பக்கத்தில் இன்னொரு நர்ஸ், இளம்பெண், பெயர் கோகிலா. இரண்டு பேர்! பாஷா அண்ணன் சொன்னது வதந்தி என்பதற்குக் கண்கண்ட சாட்சி. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கோகிலாவிடம் பஞ்சு எடுத்துவரச் சொன்னேன். முதல் அலமாரியைத் திறந்தார், ஊசிகள். இரண்டாவதைத் திறந்தார், பழைய பதிவேடுகள். மூன்றாவது பூட்டியிருந்தது, சாவி எங்கே என்று தெரியவில்லை. கடைசியில் மேரி சிஸ்டர் கண்ணாலேயே மேஜைக்கு அடியில் காட்டினார். நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'அலமாரிகளில் பெயர்ச்சீட்டு ஒட்டினால் நல்லது.'

மாத்திரை வாங்க வந்த கர்ப்பிணிப் பெண் ஒருத்தி கோகிலாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏனுங் சிஸ்டர், புது நர்சம்மாங்களா? இனி இங்கயே இருப்பாங்களா?"

"நீ மாத்திரைய வாங்கீட்டு ஊட்டுக்குப் போ கண்ணு, பஸ்ஸு வந்துரும்" என்று மேரி சிஸ்டர் அவளை அனுப்பிவைத்தார். நான் குறித்துக்கொண்டேன்: 'ஊழியர்கள் நோயாளிகளிடம் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளப் பயிற்சி தேவை.'

பின்பக்கம் ஜெனரேட்டர். பொத்தானை அழுத்தியதும் ஓடியது. மின்னழுத்தத்தை என் சொந்தக் கருவியால் அளந்தேன், அச்சுப் பிசகாமல் இருந்தது. ஆனால் அதன் மேல் வெள்ளை இறகுகள். ஒன்றிரண்டு அல்ல, கம்பி வலைக்குள் எல்லாம் கொத்துக்கொத்தாக. சுற்று வட்டாரத்தில் பத்து அடிக்கு ஒரு கோழிப்பண்ணை உள்ள ஊரில், பொறியியல் படித்த ஒருத்தி இதிலிருந்து என்ன முடிவுக்கு வரவேண்டும்? நான் சுத்தத்துக்கு அரை மதிப்பெண் குறைத்தேன்.

கடைசியாக முக்கியமான கேள்வி. "பணியிடம் ஏதாவது காலியா இருக்குதுங்களா சிஸ்டர்? வேற குறை?"

"கொறையொண்ணும் இல்லீங்க மேடம்."

டிக்.

உடனே டீ வந்தது. "வேண்டாங்க" என்றேன். "அட, குடியுங்க" என்றார். "இல்லீங்க சிஸ்டர், இப்பத்தான் குடிச்சேன்." "வெயில்ல வந்திருக்கீங்க, ஒரு வாய் குடியுங்க." "பரவால்லீங்க." "நீங்க குடிக்காமப் போனா நான் எப்படீங்க அடுத்த வேலையப் பாக்குறது?" குடித்தேன். எங்கள் பக்கத்தில் முதல் 'இல்லீங்க' வெறும் மரியாதை. மூன்றாவது தடவை சொல்வதுதான் பதில். பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது. ஒரு டம்ளர் டீக்காக அவர் என்னிடம் மூன்று தடவை கேட்டார். ஒரு நர்ஸுக்காக நான் அவரிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன்.

நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மதிப்பெண். 'அனுப்பு' என்ற பொத்தானை ஜீப்பில் உட்கார்ந்தபடியே தட்டினேன். ஒருமுறை அனுப்பினால் திருத்த முடியாது என்று திரையில் வந்தது. என்ன ஒரு நேர்மையான ஏற்பாடு என்று மெச்சிக்கொண்டேன்.

பாஷா அண்ணன் வண்டியைக் கிளப்பிக்கொண்டே கேட்டார், "ஏனுங் மேடம், அந்த ஜெனரேட்டர் முட்டை ஏதாச்சும் போட்டுச்சுங்களா?"

எனக்குப் புரியவில்லை. மரியாதைக்குச் சிரித்து வைத்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து மாவட்ட ஆய்வுக் கூட்டம். பெரிய அரங்கம், எல்லா நிலையங்களிலிருந்தும் ஆட்கள். மேடையில் மாவட்ட அதிகாரி. நல்ல மதிப்பெண் வாங்கிய நிலையங்களுக்குப் பாராட்டுச் சான்றிதழ். பெயர் வாசிக்கும் பொறுப்பு எனக்கு. புதுச்சேலை, கையில் பட்டியல். முதல் பெயரே மேரி சிஸ்டர்.

யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி வாசித்தேன். இல்லை.

"போன் போட்டுப் பாரும்மா" என்றார் அதிகாரி.

போட்டேன். போட்டதோடு நின்றிருக்கலாம். தொழில்நுட்பம் படித்தவள் அல்லவா? ஸ்பீக்கரை முடுக்கி, போனை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தேன். ஒரு நேர்மையான ஊழியரின் அடக்கமான குரலை அரங்கமே கேட்கட்டும் என்று.

"சிஸ்டர், உங்க பேரைக் கூப்பிடறாங்க. ஏனுங்க வரலை?"

"எப்படீங்க வர்றது மேடம்? ஒரு புள்ள வலியில கெடக்குது. நான் கெளம்பீட்டா யாருங்க பாக்குறது?"

"அதான் இன்னொரு சிஸ்டர் இருக்காங்கல்ல?"

"எந்த சிஸ்டருங்க?"

"கோகிலா சிஸ்டருங்க."

"அட, கோகிலா அவிய பக்கத்தூரு ஆஸ்பத்திரிக்கு சர்ட்டிபிகேட் வாங்கறதுக்கு அங்கதானுங்களே வந்திருக்குது! ரெண்டாவது வரிசையில பாருங்க."

அரங்கம் மொத்தமும் இரண்டாவது வரிசையைத் திரும்பிப் பார்த்தது. அங்கே கோகிலா, நாற்காலிக்குள்ளேயே கரைந்துவிடலாமா என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி மைக்கை நோக்கிக் குனிந்தார். "ஏம்மா, ஜெனரேட்டராவது உங்களுதுதானா?"

"யாருங்க பேசறது? ஒயர்மேனுங்களா? அது ஆய்வு முடிஞ்ச அன்னைக்கே கோழிப்பண்ணைக்குத் திருப்பிக் குடுத்துப்போட்டமுங்க. கரண்டு போச்சுன்னா அவியளுக்குக் குஞ்சு செத்துப்போயிருமில்லீங்க. நம்மளுது ரெண்டு வருசமா ரிப்பேருங்க, நீங்க எப்ப வர்றீங்க?"

அரங்கமே வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. கல்யாணத்துக்கு அண்டா கடன் கொடுப்பதுபோல, ஆய்வுக்கு நர்ஸைக் கடன் கொடுப்பது அங்கே நடைமுறை. போன வாரம் நீ எனக்கு, இந்த வாரம் நான் உனக்கு. சிரித்த எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. தெரியாதவள் ஆய்வு செய்தவள் ஒருத்திதான்.

சிரிப்பு அடங்குவதற்குள் மேரி சிஸ்டர் கேட்டார், "மேடம், போனை எடுத்ததுதான் எடுத்தீங்க. அந்தக் காலி எடத்துக்கு இந்தத் தடவை ஆள் போடறதாச் சொன்னாங்க. என்னாச்சுன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?"

அதிகாரி முன்னால் இருந்த தாள்களைப் புரட்டினார். "புது நர்ஸுங்களுக்குப் போன வாரமே ஆர்டர் குடுத்தாச்சு. இந்த நிலையத்துல காலியிடமே இல்லைன்னு இருக்குதே. யாரு ரிப்போர்ட்?"

"நான்தாங்க சார்."

போன் இன்னும் மைக்குக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதை எங்கே அணைப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"அப்படீங்களா" என்றார் மேரி சிஸ்டர். "செரிங்க மேடம். புள்ள கத்துது, வெக்கறேனுங்க."

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அன்று இரவு தூங்கியிருப்பேன்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. நர்ஸை அனுப்பினார்களா? இல்லை. ஜெனரேட்டரைப் பழுதுபார்க்கப் பணம் ஒதுக்கினார்களா? அதுவும் இல்லை, என் அறிக்கைப்படி அது நன்றாக ஓடுகிறதே! ஒரே ஒரு காரியத்தை மட்டும் மின்னல் வேகத்தில் செய்தார்கள். ஆய்வுக் குழுவை ஏமாற்றியது ஏன் என்று மேரி சிஸ்டருக்கு ஒரு மெமோ. எனக்கு ஒன்றும் வரவில்லை. தொண்ணூற்றெட்டு மதிப்பெண்ணைத் திருத்தவும் முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். அவர் தனியாகத்தான் இருந்தார், வரிசையில் பன்னிரண்டு பேர். கூட்டம் முடிகிறவரை உட்கார்ந்திருந்தேன்.

"அன்னைக்கே ஏனுங் சிஸ்டர் எங்கிட்டச் சொல்லலை?"

"ஊடு தேடி வந்தவங்ககிட்டக் கொறை சொல்றதுங்களா அம்மணி? அதும்போக மேல இருந்து போன் வந்துதுங்க. கொறை தெரிஞ்சா எனக்கு மெமோன்னாங்க. தெரியாமப் பாத்துக்கிட்டேன், அதுக்கும் எனக்குத்தான் மெமோ." சிரித்தார். "ஆள் போடாதவங்களுக்கு மெமோ குடுக்கற ஃபாரம் ஏதாச்சும் உங்க மெசின்ல இருக்குதுங்களா?"

நூற்றிருபது கேள்விகளையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். கை கழுவும் இடத்தில் சோப்பு உண்டா என்று கேட்கிறது. நோயாளி உட்கார நாற்காலி உண்டா என்று கேட்கிறது. காலியிடத்தை இரண்டு வருஷமாக நிரப்பாதவர் யார் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து, யாரும் கேட்காமலே நானே ஒரு விளக்கக் கடிதம் எழுதினேன். பட்டியலாகத்தான், வேறெப்படி எழுத வரும்? திடீர் ஆய்வைப் பத்து நாள் முன்பே அறிவித்தது நான். அலமாரி, கர்ப்பிணி, இறகு எல்லாவற்றையும் பார்த்தும் பார்க்காதது நான். ஏமாற்றப்பட்டதாகச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. ஆகவே மெமோவை என் பெயருக்கு மாற்றி, அந்த நிலையத்துக்கு நர்ஸை அனுப்பவும். கையெழுத்திட்டு அதிகாரியின் மேஜையில் நேராகக் கொண்டுபோய் வைத்தேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"நல்லா எழுதறேம்மா" என்றார். "ஆனா இப்படியெல்லாம் எழுதுனா வேலையில இருக்க முடியாது."

அனுபவசாலி. சொன்னபடியே அந்த வருஷம் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. இப்போது பம்புசெட் கம்பெனி ஒன்றில் மோட்டார்களைச் சோதிக்கிறேன். மோட்டார்கள் மரியாதைக்காகப் பொய் சொல்வதில்லை.

மேரி சிஸ்டர் மீதான மெமோ ரத்தானது. நர்ஸும் வந்தார், முறையான மாற்றுப்பணி உத்தரவோடு, வாரத்தில் மூன்று நாள். யார் என்று நினைக்கிறீர்கள்? கோகிலாவேதான்! அவர்கள் பயந்து பயந்து செய்ததை அரசாங்கம் முத்திரை குத்தி நிரந்தரமாக்கிவிட்டது. இரண்டு நிலையத்துக்கும் சேர்த்து ஒரு குறையும் தீரவில்லை. காகிதத்தில் மட்டும் இரண்டு குறைகள் தீர்ந்துவிட்டன.

எங்கள் வீட்டில் இந்தக் கதைக்கு இன்னும் வயதாகவில்லை. அம்மா கரண்டியைத் தேடினாலும், தம்பி வண்டிச் சாவியைத் தேடினாலும், அப்பா பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொல்வார், "ரெண்டாவது வரிசையில பாருங்க." போன மாதம் என் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பாவைக் காணவில்லை என்று தேடியபோது, மண்டபத்தில் எங்கள் ஆட்கள் பத்துப் பேர் ஒரே குரலில் அதைச் சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டார் திகைத்துப்போனார்கள். கதையை அவர்களுக்கும் சொல்லி, அவர்களும் சிரித்து, அன்றைய மானமும் கப்பலேறியது.

நானும் சிரிப்பேன். சிரித்து முடித்ததும் என்ன கிழமை என்று பார்ப்பேன். செவ்வாய், வியாழன், சனி என்றால் மேரி சிஸ்டர் தனியாக இருப்பார். திங்கள், புதன், வெள்ளி என்றால் கோகிலா அங்கே போய்விட, பக்கத்து ஊரில் யாரோ தனியாக.