உப்புத் தண்ணீர் போக ஒரு வழி

அன்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி அம்மாவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். தரை மட்டும் இன்னும் காயவில்லை. அங்கே நீங்களும் அண்ணனும், முக்கியமாக என் மருமகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். ஃபோனில் நாம் இருவரும் "சாப்பிட்டீங்களா", "சாப்பிட்டாச்சு" என்பதைத் தாண்டியதே இல்லை. இந்த விஷயம் அதற்குள் அடங்காது.

முடி கொட்டுகிறது, இந்த வீட்டுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று மருமகள் பெட்டியோடு கிளம்பினாளே, அந்தக் கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போக, என் மகன் வேலை வேலை என்று வெளியூரில் கிடக்க, எதிர்வீட்டுக்காரி "என்ன, மருமக கோவிச்சுக்கிட்டாளா?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்க, நான் வாசல் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். அதனால்தான் தண்ணீரை மென்மையாக்கும் மெஷின் ஒன்றை வாங்கினோம். அதற்குத் தீனி உப்பு. அவ்வப்போது தன்னைத்தானே கழுவிக்கொண்டு உப்புத் தண்ணீரை வெளியே துப்பும். துப்புவதற்கு ஒரு மெல்லிய ஹோஸ். உப்புத்தொட்டி தப்பித்தவறி நிரம்பினால் வழிந்து போக ஒரு தடித்த ஹோஸ். கம்பெனி ஆள் மெஷினை மாட்டிவிட்டு, இரண்டையும் தொங்கவிட்டு, "சாக்கடைக்குக் கொண்டு போறது உங்க பொறுப்பும்மா" என்று போய்விட்டான்.

பிளம்பரைக் கூப்பிடலாம் என்றேன். "ஹோஸ் மாட்ட ஒரு ஆளா? ஒரு ஆபீஸையே கட்டி மேய்ச்சவன் நான்" என்றார் என் வீட்டுக்காரர். மேய்த்தவர், இரண்டு ஹோஸையும் ஒரு மூன்று வாய்க் குழாயில் சேர்த்து ஒரே வழியாக்கினார். "ரெண்டும் தண்ணிதானே? எதுக்குத் தனித்தனி?" என்றபடி பட்டனை அழுத்தினார். மெல்லிய ஹோஸில் வேகமாக வந்த தண்ணீர் வெளியே போகாமல் தடித்த ஹோஸ் வழியாகத் திரும்பி உப்புத்தொட்டிக்குள் ஏற, தொட்டி நிரம்பி, துவைக்கும் இடம் நிரம்பி, அவருடைய செருப்பு என்னைக் கடந்து படியை நோக்கி மிதந்து போனது. கீழ்வீட்டுக்காரர், "மாடியில கடலை விலைக்கு வாங்கிட்டீங்களா?" என்று கத்தினார்.

மெஷினை நிறுத்திவிட்டு, கிளிப் வாங்க வேண்டும் என்று சொல்லி இவரைக் கடைத்தெருவுக்கு அனுப்பினேன். கிளிப் தேவையில்லை, இவர் இல்லாதது தேவை. எந்தப் பெட்டி வந்தாலும் கூட வரும் புத்தகத்தைப் படிக்கிற ஒரே ஆள் நம் வீட்டில் மருமகள்தானே! வீடியோ காலில் அவளைப் பிடித்து, அந்தப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகக் காட்டிவிட்டு, ஃபோனைக் கவிழ்த்த வாளி மேல் சாய்த்து வைத்தேன்.

"அத்தை, ரெண்டையும் பிரிச்சிடுங்க. மெல்லிசு வேகமா தள்ளும், ஜன்னல் மேல ஏத்தினாலும் போகும். தடிசு தானா வழியறது, அது இறங்கிக்கிட்டேதான் போகணும்."

"உன் மாமனார் மாதிரி. இறக்கத்துல மட்டும்தான் ஓடுவார்."

அவள் சிரித்தாள். சம்பந்தி அம்மா, அவளுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. ஹோஸின் நுனியைச் சாக்கடை வாய்க்குள் திணிக்காமல் நாலு விரல் மேலே நிறுத்தச் சொன்னாள். இல்லாவிட்டால் அழுக்குத் தண்ணீரை மெஷின் திரும்பக் குடித்துவிடுமாம். நான் கட்டக் கட்ட, பேச்சு எங்கெங்கோ போனது.

"இவ்வளவு பேசுவியா நீ? நீ பேசாத பொண்ணுன்னு நினைச்சேனே."

"நான் உங்களை அப்படி நினைச்சேன் அத்தை. ரெண்டு பேரும் ஒரே சமையல்கட்டுல மூச்சு விடாம நின்னுட்டிருந்தோம்." பிறகு தானாகவே சொன்னாள்: "முடி கொட்டினது நெசம்தான். ஆனா அதுக்காக மட்டும் கிளம்பல."

நான் ஹோஸை விட்டுவிட்டு ஃபோனையே பார்த்தேன். "ஹோஸ் ஆடுது பாருங்க, அழுத்திப் பிடிங்க" என்றாள். பிடித்தேன். பட்டனை அழுத்தினோம். உப்புத் தண்ணீர் சமர்த்தாகச் சாக்கடைக்குப் போனது. தரையில் புதிதாக ஒரு சொட்டு இல்லை.

ஆகவே மெஷின் நன்றாக ஓடுகிறது, எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அவளை அவசரப்படுத்த வேண்டாம். மனசு எப்போது சொல்கிறதோ அப்போது வரட்டும். அண்ணனுக்கு என் வணக்கம். அவளுக்கு என் ஆசி, தலைமுடி முதல் கால்விரல் வரை.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பி.கு.: மெஷின் நன்றாக ஓடுகிறது என்று மேலே எழுதியதை நம்ப வேண்டாம். நான் உறை தேடிய நேரத்தில் இவர் திரும்பி வந்து, தடித்த ஹோஸ் தொங்குவது அசிங்கமாக இருக்கிறது என்று அதைச் சுவரில் மேலே ஏற்றி, மெல்லியதைக் கழற்றி "நேராக்கி", மறுபடி மாட்டுவதற்குள் மெஷின் கழுவ ஆரம்பித்துவிட்டது. ஹோஸ் பாம்பாய்ச் சுழன்று எங்கள் இருவரையும் குளிப்பாட்டியது. இந்தக் காகிதத்தின் ஈரமும் அதுதான். மருமகளுக்குச் சொன்னேன். "யாரும் எதையும் தொடாதீங்க! மாமாவை நாற்காலியில உட்கார வைங்க. நான் பஸ் ஏறப் போறேன்" என்றாள்.

இவர் பயந்துபோய்த் தெருமுனையிலிருந்து ஒரு பிளம்பரைக் கையோடு கூட்டி வந்து நிறுத்தினார். கால் மணி நேர வேலை என்றான் அவன். அடுத்த வாரம் வா என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.