அரணை வீட்டைக் கூட்டியதால் வந்த வினை

சிவமயம்

ஒனிஹங்கா, ஒக்லாந்து
11.11.1996

அன்புள்ள மச்சான் ஆனந்தராசாவுக்கு,

கனடாக் குளிர் இந்த வருடமாவது உமது முழங்காலை விட்டுவைக்க முருகனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே மகள் நிலானி, மருமகன் பிருந்தன், உமது தங்கை மரகதம் எல்லோரும் நல்ல சுகம். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. பெயர்தான் படுத்த படுக்கையாகிவிட்டது.

நேற்று மரகதம் உமக்கு ரெலிபோன் எடுத்து, "அண்ணை, இவர் பொதுக்காணியை நாசமாக்கிப்போட்டார்" என்று சொல்லிவிட்டு வைத்தாளாம். வெளிநாட்டு அழைப்பு என்றால் முடிவை மட்டும் சொல்வது அவளுடைய பழக்கம். ஆகவே முழுக்கதையையும் நானே எழுதுகிறேன். வாசித்து முடித்த கையோடு, நான் அங்கே வந்து தங்குவதற்கு விசாவுக்கு ஒரு ஸ்பொன்சர் கடிதம் அனுப்பிவிடும். இனி இந்தத் தெருவில் என்னால் தலைகாட்ட முடியாது.

எங்கள் தெருவின் முடிவில், ரயில் பாதை ஓரமாக, மாநகரசபைக்குச் சொந்தமான ஒரு காணி கிடக்கிறது. பழைய பிரிட்ஜ், கார் ரயர், உடைந்த கதிரை என்று ஒனிஹங்கா கழித்துவிட்டதெல்லாம் அங்கேதான் வந்து சேரும். நடுவே காட்டுப் பெருஞ்சீரகம் ஆளுயரத்துக்கு நின்றது. கறித்தூளுக்கு அதைப் பிடுங்கிவந்த உமது தங்கையைத் தவிர வேறு யாருக்கும் அந்தக் காணியால் பிரயோசனமில்லை. அதற்குப் பக்கத்தில்தான் பிருந்தன் கணக்காளராக இருக்கிற மெத்தைத் தொழிற்சாலை. அதன் முதலாளி பாரி என்கிற வெள்ளைக்காரர் போன வருடம் தெருச்சனத்தையெல்லாம் கூப்பிட்டு, "லொறி, மண்வெட்டி, கன்றுகள் எல்லாம் என் பொறுப்பு, சனிக்கிழமைகளில் என் ஆட்களைச் சம்பளத்தோடு அனுப்புகிறேன், நீங்களும் கை கொடுங்கள், குருவியும் பூச்சியும் குடியிருக்கிற இடமாக இதை மாற்றுவோம்" என்றார். மாநகரசபை ஒரு நிபந்தனை வைத்தது. ஒரு வருடம் பார்க்கும். உயிரினங்கள் வந்திருந்தால் காணி தெருவுக்கு. இல்லாவிட்டால், யப்பானிலிருந்து பழைய கார் இறக்கி விற்கிற ஒருவர் காத்திருக்கிறார், கார் நிறுத்த அவருக்குக் கொடுத்துவிடும்.

நானும் போனேன். வீட்டில் இருந்தால் ரீவியில் றக்பிதான் பார்க்கவேண்டும். பாரி எனக்கு றப்பர் சப்பாத்துத் தந்தார், "குணா" என்று தோளில் தட்டினார், சனிக்கிழமை நான் மச்சமாமிசம் சாப்பிடுவதில்லை என்று தெரிந்தபின் சொசேஜ் இல்லாமல் பாணுக்குள் வதக்கிய வெங்காயம் மட்டும் வைத்துத் தரச்சொன்னார். மெத்தை தைக்கிற சமோவாப் பெண்களும் நானும் சேர்ந்து இந்த நாட்டுச் செடிகளான ஃபிளாக்ஸ் நட்டோம், மனுக்கா நட்டோம். பிறகு ஃபிளாக்ஸ் பூத்தது. கழுத்தில் வெள்ளைப் பஞ்சு கட்டிக்கொண்ட துயிக் குருவி தேன் குடிக்க வந்தது. மச்சான், உம்மிடம் எதற்கு ஒளிக்கவேண்டும், எனக்கு அப்போது பெருமை தாங்கவில்லை. நாட்டை விட்டு வந்தபிறகு நான் ஊன்றிய ஒன்று முளைத்தது அதுதான் முதல் தடவை. காணிப் படலையின் பூட்டுத் திறப்பைக்கூட என்னிடமே தந்துவிட்டார்கள்.

வினை அங்கேதான் தொடங்கியது. இடையில் ஒரு சனிக்கிழமை நாங்கள் த்ரீ கிங்ஸ் பகுதியில் ஒரு பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்குப் போய்விட்டோம். அன்றைக்குத் தொழிற்சாலை ஆட்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சேர்ந்து காணியின் பின்மூலையில் என்னவோ செய்திருக்கிறார்கள். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு மாநகரசபையிலிருந்து ஒரு அம்மா பார்வையிட வருகிறா என்பதை மட்டும் பிருந்தன் சொன்னார். பரிசோதனைக்கு ஆள் வருகிறது என்றால் எனக்கு வேறென்ன தோன்றும், சொல்லும்? சாவகச்சேரியில் சுகாதாரப் பரிசோதகராக இருந்து, வளவில் சருகு கிடந்தால் வழக்குப் போட்டே ஓய்வுபெற்றவன் நான். வெள்ளிக்கிழமை எல்லோரும் வேலைக்குப் போனபின், பாபடோயிட்டோயில் ஒரு இந்தியக் கடையில் வாங்கிய ஈர்க்குமாற்றை எடுத்துக்கொண்டு தனியே போனேன். பின்மூலைக்குப் போய்ப் பார்த்தேன். உக்கிய மரக்குற்றிகள், குவித்த கல்லு, ஈரச்சருகு, அதற்கு மேலே துருப்பிடித்த தகரம். பாம்புக்கும் பூரானுக்கும் இதைவிட நல்ல வீடு யாராலும் கட்டிக்கொடுக்க முடியாது. இரண்டு அரணை வேறு ஓடியது. அரணை நக்கினால் மரணம் என்று எங்கள் ஆட்கள் எப்படிப் பயப்படுவார்கள் என்று உமக்குத் தெரியும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழுவதையும் அள்ளித் தொழிற்சாலைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். பின்னேரம் குப்பை லொறி வந்து ஏற்றிப் போய்விட்டது. மண்ணில் ஈர்க்குமாற்றின் கீறல் வரிவரியாக விழுந்திருந்தது. கோயில் வீதிகூட அவ்வளவு துப்பரவாக இருக்காது.

சனிக்கிழமை காலையில் பாரி அந்த மூலையில் போய் நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். பிறகு, "குணா, அரணை வீடு எங்கே?" என்று கேட்டார். நான் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். பிருந்தன் என் முழங்கையைப் பிடித்து, "மாமா, சிரிக்காதேங்கோ. அந்தக் குப்பையைப் பிள்ளையள் வேணுமெண்டுதான் கட்டினவை. அரணையும் பூச்சியும் இருக்கிறதுக்கு. அதைக் காட்டத்தான் மாநகரசபை மனுசியைக் கூப்பிட்டதே" என்றார். அவர் முகத்தில் இரத்தமே இல்லை. முதலாளிக்கு முன்னால் மாமனார் செய்த வேலை அல்லவா. அதற்குள் மாநகரசபை அம்மா வந்துவிட்டா. யார் செய்தது என்று கேட்டா. நான்தான் என்று முன்னுக்கு வந்தேன்.

"ஏன் அப்படிச் செய்தீர்கள்?"

"சருகு கிடந்தால் பாம்பு வரும், மேடம்."

"நியூசிலாந்தில் பாம்பே இல்லை."

மச்சான், நான் இந்த நாட்டுக்கு வந்து ஆறு வருடம். இரவில் முற்றத்துக்கு இறங்கும்போதெல்லாம் ரோர்ச் வெளிச்சம் அடித்துக் காலைத் தட்டித்தட்டி நடந்திருக்கிறேன். பாம்பில்லை என்று ஒருவராவது எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? அந்த அம்மாவால் அன்றைக்குக் காணியைத் தெருவுக்கென்று எழுதிவைக்க முடியவில்லை. டிசம்பரில் திரும்ப வருவாவாம். ஒருவரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் திருப்பி ஏசிவிட்டு ஆறியிருப்பேன். பாரி வழக்கம்போல வெங்காயப் பாண் கொண்டுவந்து நீட்டினார். அதைக் கடதாசியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். வீட்டுக்கு வந்தபிறகு பிருந்தன் மாமா என்றுகூடக் கூப்பிடாமல் ரீவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். படலைத் திறப்பை மேசையில் வைத்துவிட்டேன். இனி அந்தக் காணிப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன். ஆகவே ஸ்பொன்சர் கடிதத்தைத் தாமதிக்காமல் அனுப்பும்.

உமது வீட்டாருக்கு எங்கள் ஆசியும் அன்பும். எல்லாம் வல்ல முருகன் உங்களைக் காப்பாராக, என்னையும் கொஞ்சம் கவனிப்பாராக.

இப்படிக்கு,
அன்பு மறவாத மைத்துனன்
க. குணரத்தினம்

பி.கு.: டிசம்பர் 15. மேலே உள்ள கடிதத்தை உமது தங்கை தபாலில் போடாமல் தன் கைப்பையில் வைத்திருந்திருக்கிறாள். கேட்டால், "நீங்கள் போகமாட்டியள் எண்டு எனக்குத் தெரியும்" என்கிறாள். கடிதம் எழுதிய மறுநாளே பாரி தொழிற்சாலை லொறியோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "குணா, அரணை எங்கே ஒளிக்கும், எது உக்கும், எது நாறும் என்று உங்களைப் போலத் தெரிந்தவர் இங்கே யாருமில்லை. ஏறுங்கள்" என்றார். பிருந்தன் வந்து லொறிக் கதவைத் திறந்து, "போங்கோ மாமா" என்றார். மூன்று கிழமையாக வீடு வீடாகக் கதவு தட்டி, உக்கிய கட்டையும் ஈரச்சருகும் கேட்டு வாங்கினேன். உத்தியோகத்தில் இருந்தபோது என்னைக் கண்டு ஒளித்த சனத்தைத்தான் எனக்குத் தெரியும். இங்கே தேத்தண்ணி தருகிறார்கள். நேற்று அந்த அம்மா திரும்ப வந்து தகரத்தைத் தூக்கினா. அரணை ஒன்று வெளியே ஓடிவந்து என் செருப்புக்கு மேலே ஏறி நின்றுவிட்டது. ஓட்டைச் செருப்பு, மச்சான், வால் என் பெருவிரலில் படுகிறது. உதறினால் அது ஓடிவிடும், அந்த அம்மா இன்னும் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறா. எனக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு, மூச்சு விடாமல் நின்றேன். கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்துவிட்டு, காணி உங்களுக்குத்தான் என்றா. எல்லோரும் கைதட்டியதில் அரணை ஓடிவிட்டது, எனக்குத்தான் கால் எழும்பவில்லை. ஸ்பொன்சர் கடிதம் வேண்டாம். நீர் அனுப்பிய படத்தில் உமது வளவு மிகவும் துப்பரவாகத் தெரிகிறது. சுகாதாரப் பரிசோதகர் என்ற முறையில் சொல்கிறேன், அது சரியில்லை.