சிலுவை தெரியாத கிறீம்

இப்பத்தைய ஆக்களுக்கு ஒரு சாமானைத் தொட்டுப் பார்த்து நல்லது கெட்டது சொல்லத் தெரியாது. எல்லாத்துக்கும் பூதக்கண்ணாடி வேணும். கியூபெக்கில் டோர்வல் பக்கம் கைக்குப் பூசுகிற கிறீம் செய்யும் அந்தத் தொழிற்சாலையிலும் இதே கூத்துத்தான்.

அங்கே கலவைத் தொட்டிக்குப் பொறுப்பு கிருபானந்தன். வயது ஐம்பத்தெட்டு. அவர் காய்ச்சின கிறீமை ஆய்வுகூடத்து டாக்டர் ஜெயசங்கர் திருப்பி அனுப்பிவிட்டார். ஜெயசங்கர் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. சென்னையில் படித்துப் பட்டம் வாங்கின டாக்டர். தொட்டிக்கும் அவர்தான் பெரியவர்.

"இதுல சிலுவையே தெரியலையே, கிருபானந்தன்."

"கையிலை பூசிப் பாருங்கோ. நல்லாத்தானே கிடக்கு."

பூசிப் பார்ப்பதெல்லாம் கணக்கில் இல்லையாம். சோப்புச் சாமானும் கொழுப்பும் தண்ணீரும் சரியாகச் சேர்ந்தால் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக நிற்குமாம். அதற்குப் பெயர் திரவப் பளிங்காம். கண்ணாடித் துண்டில் கிறீமைத் தடவி, இரண்டு கறுப்புக் கண்ணாடிக்கு நடுவில் வைத்து வெளிச்சம் விட்டால் குட்டிக் குட்டிச் சிலுவைகளாக மின்னுமாம். ஜனவரியில் செய்த முதல் கிறீமில் அப்படி மின்னின படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். கிறீமை வாங்குகிற கொம்பனிக்கும் அதே படம் போயிருந்தது. படத்தில் உள்ளது போல வந்தால்தான் எடுப்பார்களாம்.

கிருபானந்தனுக்கு இதில் ஒரு சொல்லும் நம்பிக்கையில்லை. பளிங்கென்றால் பளிங்கு, தண்ணியென்றால் தண்ணி. இரண்டும் ஒன்றென்று சொல்லுகிறவன் கோட்டில் இரண்டு பக்கத்துக்கும் சாட்சி சொல்லுவான்.

ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் சிலுவை தெரியாவிட்டால் தொட்டியை மூடுவார்கள். மனைவி செல்வமலர் கொழும்பில் லொட்ஜ் அறையில் நாலு வருஷமாகக் காத்திருக்கிறா. அவவை இங்கே கூப்பிட, இவர் வேலையில் இருக்கிறார் என்று ஒரு கடிதம் வேணும். மூடப்போகிற தொட்டிக்கு ஆர் கடிதம் தருவினம்? சிலுவையை வரப்பண்ணாமல் விடுவதில்லை என்று மனுசன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

மெல்ல ஆறவிடச் சொன்னார் டாக்டர். ஆறவிட்டார். கிறீம் தொட்டியோடு ஒட்டிக்கொண்டு பம்புக்குள் ஏறமாட்டேன் என்றது. அப்படியென்றால் வேகமாகக் கலக்கட்டாம். கலக்கினார், கஞ்சியாகிக் குழாய் மூட்டால் ஒழுகி, அதில் மனேஜர் சறுக்கி விழுந்தார். விழுந்தவர் எழும்பி டாக்டரை முறைக்கவில்லை, கிருபானந்தனைத்தான் முறைத்தார். வியாழக்கிழமை கொழுப்பைக் கூட்டினதில் திரி வைத்தால் எரியும் போல வந்தது.

சிலுவை ஒன்றும் வரவில்லை.

ஆய்வுகூடத்தில் கண்ணாடித் துண்டுகள் கழுவுகிற யோகராணிக்குப் பாவமாகப் போய்விட்டது.

"அண்ணை, அவரின்ரை சொல்லைக் கேளாதேங்கோ. முந்தி எப்பிடிக் காய்ச்சினீங்களோ அப்பிடியே காய்ச்சுங்கோ."

வெள்ளிக்கிழமை அப்படியே காய்ச்சினார். யோகராணி அன்றைக்கு வரவில்லை, மகளுக்குக் காய்ச்சல். கிருபானந்தன் கிறீமைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஆய்வுகூட வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டாக்டர் பூதக்கண்ணாடியில் குனிந்தார். நிமிரவில்லை.

"வந்திடுச்சு! எத்தனை சிலுவை! என்ன மாத்தினீங்க?"

"ஒண்டும் மாத்தேல்லை."

"சும்மா சொல்லுங்க. உங்க கைப்பக்குவம்."

"பக்குவம் கிடக்கட்டும். சிலுவை போக முன்னம் இதிலை கையெழுத்தை வையுங்கோ."

டாக்டர் சிரித்துக்கொண்டே வேலைக் கடிதத்தில் கையெழுத்து வைத்தார். கிருபானந்தன் அந்த மை காயும்வரை ஊதினார்.

ஆய்வுகூடத்துக்கு வெளியே கைகழுவுகிற இடத்தில் கத்தரின் என்றொருத்தி நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பொதி கட்டுகிற பகுதியில் வேலை செய்கிற கியூபெக்காரி; யோகராணிக்குப் பதிலாக அன்றைக்கு ஆய்வுகூடத்துக்கு வந்தவள். அரைவாசி பிரெஞ்சும் அரைவாசி இங்கிலிசுமாக அவரை மறித்துக் கேட்டாள்:

"உங்கள் யோகராணி ஏன் இந்தக் கண்ணாடித் துண்டுகளை நாலு தரம் அலசுகிறாள்? எங்கள் வீட்டில் கோப்பையைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, அலசாமலே துடைத்தால் சரி. ஜனவரி முழுக்க நான்தான் இங்கே கழுவினேன், அப்படித்தான் கழுவினேன். இன்றைக்கும் அப்படித்தான்."

அப்ப மின்னினது கண்ணாடியில் ஒட்டின சோப்போ? கிருபானந்தன் அதையும் நம்பவில்லை. கடிதத்தை உள் பொக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.