உடும்புப்பிடி அப்பா

பிடித்த பிடியை விடாத உயிரினங்களில் உடும்புக்கு ஒரு படி மேலே நிற்பவர் யார் தெரியுமா? நர்சரிப் பள்ளி விளையாட்டு விழாவுக்கு வரும் அப்பா. தண்ணீர் பாட்டில், துண்டு, குளுக்கோஸ், பேண்டேஜ், போதாக்குறைக்குப் புது டிராக் பேண்ட் சகிதமாக வந்து இறங்குவார். "கொழந்தைங்க விழுந்து எழுந்தாத்தான் சார் ஒடம்பு உறுதியாகும்" என்று பக்கத்து நாற்காலிக்காரருக்கு வகுப்பெடுப்பார். தன் குழந்தையை மட்டும் விழவே விடமாட்டார். பிறகு அது எங்கே எழுவது?

நம் எத்திராஜையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்பூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வேலைக்கு வந்து, பொம்மனஹள்ளியில் குடியேறிய புதிது. அன்று அவர் மகள் தாரணிக்கு ஜோடி விளையாட்டு. இரண்டு குழந்தைகள் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து, கைகளைக் கோத்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து எழுந்து நிற்க வேண்டும். காலுக்கும் இடுப்புக்கும் பலமாம். தாரணிக்கு ஜோடி எதிர்வீட்டு க்ளென். மாடிப்படிக்கு அடியில் ரெண்டும் பழகிப் பழகி உருண்டதுதான் மிச்சம். இன்றைக்காவது எழுந்துவிட வேண்டுமென்று தாரணிக்கு ஒரே தவிப்பு.

விசில் ஊதியதும் எத்திராஜ் கோட்டைத் தாண்டி ஓடி, மகளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்.

"பிடி சார், பிடி" என்று பதறினார் ஜெயலட்சுமி மிஸ்.

கன்னடத்தில் அதற்கு 'விடுங்கள்' என்று அர்த்தம். ஆம்பூர்க் காதிலோ பச்சைத் தமிழாக விழுந்தது. 'சார்' என்று சொல்லிவிட்டுப் 'பிடி' என்கிறாரே, மரியாதை கொஞ்சம் கம்மி, ஆனாலும் அக்கறையான டீச்சர் என்று உருகிப்போய் இன்னும் இறுக்கிப் பிடித்தார். மிஸ் கத்தக் கத்த இவர் பிடிக்க, தாரணி மேலே போக, கோத்த கையோடு க்ளெனும் மேலே போக, இரண்டு குழந்தைகளையும் தாங்கிக்கொண்டு எத்திராஜ் கரகாட்டம் ஆட, கடைசியில் மூவரும் மண்ணில்.

"டீச்சர்தாங்க பிடிக்கச் சொன்னாங்க" என்றார், வாயில் மண்ணோடு.

"அய்ய, மிஸ்ஸு விடச் சொல்றாங்கப்பா" என்றாள் தாரணி. அவளுக்குக் கன்னடம் எப்போதோ வந்துவிட்டது. "நானும் அதான் சொல்றேன். நீ போய் உக்காரு."

மனசே இல்லாமல் விட்டார். மற்ற ஜோடிகள் பிஸ்கட் தின்னப் போயாயிற்று. இவர்கள் ஆடினார்கள், சாய்ந்தார்கள், சிரித்தார்கள், எழுந்தே விட்டார்கள். எத்திராஜுக்குக் கண்ணில் நீர். "எல்லாம் நான் குடுத்த டிரெய்னிங் சார்" என்றார் பக்கத்து நாற்காலிக்காரரிடம்.

நீங்கள் அப்படியில்லை என்கிறீர்களா? சந்தோஷம். வாசலில் உங்கள் பிள்ளை ஷூவோடு மல்லுக்கட்டுகிறது. ஸ்கூல் ஆட்டோ ஹாரன் அடிக்கிறது. எங்கே, கையைக் கட்டிக்கொண்டு சும்மா நில்லுங்கள் பார்ப்போம்.

அடடா, குனிந்துவிட்டீர்களே.